பணம் போடும் முன் ஒருமுறை அழித்துப் பாருங்கள்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை என் தம்பி புது ஹார்டுவேர் வாலட்டோடு, அதாவது கிரிப்டோ நாணயத்தின் ரகசியச் சாவியை வைத்திருக்கும் சின்னக் கருவியோடு, வந்தான். கூடவே உட்கார்ந்து அமைத்துத் தர வேண்டும் என்று ரொம்ப நாளாகக் கேட்டுக்கொண்டிருந்தான். பின் எண் வைத்தோம். கருவி தொலைந்தால் மீட்பதற்கென்று திரையில் வந்த 24 சொற்களையும் அவன் காகிதத்தில் எழுதிக்கொண்டான். நாணயம் வாங்கி விற்கும் தளமான எக்ஸ்சேஞ்சிலிருந்து மிகச் சிறிய தொகை ஒன்றை அனுப்பிப் பார்த்தோம், வந்து சேர்ந்தது.

"அவ்வளவுதானே அக்கா, மிச்சத்தையும் அனுப்பிடட்டுமா?"

"இருடா. இப்ப இதை அழிக்கணும்."

அவன் முகம் மாறிவிட்டது. ஆனாலும் நான் சொன்னதற்காக, வேண்டுமென்றே தவறான பின் எண்ணை அழுத்தினான். மூன்று முறை தவறினால் உள்ளே இருப்பதை முழுக்கத் துடைத்துவிடும் கருவி அது. மூன்றாவது முறைக்கு விரலை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தான். தலையாட்டினேன். அழுத்தினான். திரை இருண்டு, பெட்டியிலிருந்து அப்போதுதான் எடுத்தது போல வரவேற்புச் செய்தியைக் காட்டியது.

பிறகு காகிதத்தைப் பார்த்து 24 சொற்களையும் ஒவ்வொன்றாகக் கருவியிலேயே உள்ளிட்டான். அரை மணி நேரம் பிடித்தது. கடைசிச் சொல்லை ஏற்றுக்கொண்டதும் நாங்கள் அனுப்பிய சிறு தொகை அதே முகவரியில் அப்படியே தெரிந்தது. அதற்குப் பிறகுதான் மிச்சத்தை அனுப்பச் சொன்னேன்.

ஹார்டுவேர் வாலட் வாங்கும் எல்லோரிடமும் நான் கெஞ்சிக் கேட்பது இந்த ஒரு காரியத்தைத்தான். பெரிய தொகையை மாற்றும் முன் கருவியை ஒருமுறை நீங்களே அழியுங்கள். காகிதத்திலிருந்து மீட்டு எடுங்கள். அது முடிந்தால்தான் உங்கள் வாலட் அமைத்து முடிந்தது என்று அர்த்தம்.

தம்பி முகம் மாறியதற்குக் காரணம், பணம் அந்தக் கருவிக்குள் இருப்பதாக அவன் மனம் நினைத்தது. எல்லோருக்கும் அப்படித்தான் தோன்றும். பிட்காயினோ ஈதரோ எந்தக் கருவிக்குள்ளும் இருப்பதில்லை. எந்த முகவரியில் எவ்வளவு என்கிற கணக்கு பிளாக்செயினில், உலகெங்கும் உள்ள ஆயிரக்கணக்கான கணினிகளில் இருக்கிறது. கருவிக்குள் இருப்பது அந்தப் பணத்தை நகர்த்தக் கையெழுத்துப் போடும் ரகசியச் சாவி மட்டும்தான். கணினி ஒரு பரிவர்த்தனையைத் தயார் செய்து அனுப்புகிறது, கருவி தனக்குள்ளேயே கையெழுத்திட்டு, கையெழுத்தை மட்டும் வெளியே தருகிறது. கணினியில் வைரஸே இருந்தாலும் சாவி அதன் கையில் சிக்காது. நாம் கொடுக்கும் காசு இந்த ஏற்பாட்டுக்குத்தான்.

அந்தச் சாவிகள் எல்லாம் பிறப்பது அந்தச் சொற்களிலிருந்து. 2013-இல் முன்மொழியப்பட்ட பிப்-39 என்ற பொது விதியின்படி, 2048 எளிய ஆங்கிலச் சொற்கள் கொண்ட ஒரு பட்டியலிலிருந்து 12 அல்லது 24 சொற்களைக் கருவி தேர்ந்தெடுக்கிறது. 12 சொற்களுக்கே சாத்தியமான வரிசைகளின் எண்ணிக்கை 39 இலக்கம் கொண்டது. யாரும் ஊகித்துக் கண்டுபிடிக்க முடியாது. இந்த விதியை எழுதியவர்களில் சிலர்தான் 2014-இல் ட்ரெசர் என்ற முதல் ஹார்டுவேர் வாலட்டைச் சந்தைக்குக் கொண்டுவந்தவர்கள். விதி பொதுவானது என்பதால், கருவி உடைந்தாலும், அதைச் செய்த நிறுவனமே மூடிப்போனாலும், இதே விதியைப் பின்பற்றும் வேறொரு நிறுவனத்தின் கருவியில் அதே சொற்களைப் போட்டு மீட்டுவிடலாம். எனக்கு இந்தத் துறையில் மிகவும் பிடித்த விஷயம் இதுதான்.

சரி, அழித்துப் பார்ப்பதில் எனக்கு ஏன் இவ்வளவு பிடிவாதம்?

சில ஆண்டுகளுக்கு முன் நான் பயன்படுத்திய எக்ஸ்சேஞ்ச் ஒன்று பணம் எடுப்பதைத் திடீரென்று நிறுத்தியது. பதினோரு நாள். கணக்கில் எண் தெரியும், தொட முடியாது. 2014-இல் மவுண்ட் காக்ஸ் என்ற பெரிய எக்ஸ்சேஞ்ச் விழுந்த கதையெல்லாம் படித்தவள்தான், ஆனால் படிப்பது வேறு. கதவு திறந்த அன்றே ஒரு ஹார்டுவேர் வாலட் வாங்கினேன். வந்த மாலையே அவசர அவசரமாகச் சொற்களை எழுதினேன், இருந்த எல்லாவற்றையும் மாற்றினேன், அன்றிரவு நிம்மதியாகத் தூங்கினேன்.

எட்டு மாதம் கழித்து, மாற்றுக்கு இருக்கட்டும் என்று இரண்டாவது கருவி ஒன்று வாங்கி, அதே சொற்களை அதில் உள்ளிட்டேன். 24-ஆவது சொல்லுக்குப் பிறகு 'இந்தச் சொல்வரிசை செல்லாது' என்று திரை சொன்னது. தட்டச்சில்தான் தவறியிருப்பேன் என்று மறுபடி போட்டேன். மறுபடியும் அதே பதில். கை நடுங்க ஆரம்பித்தது. முதல் கருவி நன்றாக வேலை செய்துகொண்டுதான் இருந்தது, ஆனால் அது சொற்களை இரண்டாம் முறை காட்டாத வகை. அந்த எட்டு மாதத்தில் ஒருநாள் அது தண்ணீரில் விழுந்திருந்தால் எல்லாம் போயிருக்கும்.

பிழை 17-ஆவது சொல்லில் இருந்தது. ஹர்ட் என்று வந்ததை ஹன்ட் என்று எழுதியிருந்தேன். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே ஒரு எழுத்துதான் வித்தியாசம். ஆர் என்ற எழுத்தை நான் எழுதும் விதத்தில், வேகமாக எழுதினால் அது 'என்' என்ற எழுத்தாகிவிடுகிறது. இரண்டு சொல்லும் பட்டியலில் இருப்பதால், உள்ளிடும்போது கருவியும் தடுக்கவில்லை. முதல் நாள் அமைத்தபோது சரிபார்ப்புக்கு என்று அது ஐந்தாறு சொற்களைத்தான் கேட்டது, 17 அதில் வரவில்லை. ஒவ்வொரு சொல்லாக, இதை வேறு எப்படிப் படிக்கலாம் என்று பட்டியலோடு ஒப்பிட்டுக் கண்டுபிடிக்க ஒரு முழுப் பகல் ஆனது. அன்றே வேறு சொற்களோடு புதிய வாலட் உருவாக்கி எல்லாவற்றையும் அதற்கு மாற்றிவிட்டேன். பழைய வாலட் இப்போது வெறும் கூடு, அதனால்தான் அந்தச் சொல்லை இங்கே எழுதுகிறேன்.

கடைசிச் சொல்லுக்குள் ஒரு சரிபார்ப்பு எண் ஒளிந்திருக்கிறது. அதனால்தான் கருவி பிழையைக் கண்டுபிடித்தது. 24 சொற்களில், இப்படிப்பட்ட 256 தவறுகளில் 255-ஐ அது பிடித்துவிடும். 12 சொற்களில் 16-க்கு 15 தான். பிடிபடாமல் நழுவும் தவறு இன்னும் மோசமானது. செல்லாது என்று சொல்லாமல், முற்றிலும் வேறொரு வாலட்டை, காலியாக, ஒரு குறையும் இல்லாதது போலத் திறந்து காட்டும். அதனால் சொற்கள் ஏற்கப்பட்டால் போதாது, முன்பு அனுப்பிய சிறு தொகை திரும்பத் தெரிய வேண்டும். பெரிய எழுத்துகளில், ஒவ்வொரு எழுத்தையும் பிரித்து, எண் போட்டு எழுதுங்கள். பட்டியலில் எந்த இரண்டு சொல்லுக்கும் முதல் நான்கு எழுத்துகள் ஒன்றாக இருக்காது. ஆகவே முதல் நான்கு எழுத்து தெளிவாக இருந்தாலே மீட்டுவிடலாம்.

இந்த ஒத்திகையைக் கருவியில்தான் செய்ய வேண்டும். சொற்கள் சரிதானா என்று பார்க்கக் கைபேசியிலோ கணினியிலோ ஏதாவது தளத்தில் உள்ளிட்டால், வாங்கிய நோக்கமே அந்த நொடியில் பாழ். போட்டோ எடுக்கவும் கூடாது. எடுத்த படம் உங்களைக் கேட்காமலே கிளவுடுக்குப் போய் உட்கார்ந்துகொள்ளும். மின்னஞ்சல் வரைவு, நோட்ஸ் செயலி, உங்களுக்கு நீங்களே அனுப்பும் வாட்ஸ்அப் செய்தி எல்லாம் அதே கணக்குதான்.

சொற்களைக் கேட்டு வருகிறவர் யாராக இருந்தாலும் திருடர். எந்த நிறுவனத்தின் உதவிப் பிரிவுக்கும் அவை தேவைப்படாது. 2020-இல் ஹார்டுவேர் வாலட் செய்யும் லெட்ஜர் நிறுவனத்தின் வாடிக்கையாளர் விவரங்கள் திருடப்பட்டு, 2,70,000-க்கும் மேற்பட்டவர்களின் பெயர், வீட்டு முகவரி, தொலைபேசி எண் எல்லாம் இணையத்தில் வெளியாகிவிட்டன. சாவிகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அதன் பிறகு சிலருக்கு, 'உங்கள் பாதுகாப்புக்காக மாற்றுக் கருவி அனுப்பியுள்ளோம்' என்ற கடிதத்தோடு, நிஜம் போலவே இருக்கும் போலிக் கருவி தபாலில் வீட்டுக்கே வந்தது. பழைய சொற்களை அதில் உள்ளிடச் சொல்லும். இதைக் கேட்டுத் தம்பி சிறிது நேரம் பேசவில்லை. யாரிடமும் இதை வைத்திருப்பதாகச் சொல்லாதே என்று நான் சொன்னபோது அது என் பயம் என்று நினைத்தவன், அன்றைக்குத்தான் ஒப்புக்கொண்டான்.

வாங்கும் இடத்திலும் இதே கதைதான். தயாரிப்பாளரிடமோ அவர்கள் தங்கள் தளத்தில் பெயர் சொல்லும் விற்பனையாளரிடமோ மட்டும் வாங்குங்கள். பெட்டிக்குள்ளேயே சொற்கள் அச்சடித்தோ, சுரண்டிப் பார்க்கும் அட்டையிலோ வந்தால், அவை ஏற்கெனவே இன்னொருவருக்குத் தெரிந்த சொற்கள். சொற்கள் உங்கள் கண் முன்னால் கருவியின் திரையில் மட்டுமே பிறக்க வேண்டும். அதுவும் எப்போதும் போதாது. 2023-இல் கணினிப் பாதுகாப்பு நிறுவனமான காஸ்பர்ஸ்கியின் ஆய்வாளர்கள் ஒரு போலி ட்ரெசரைப் பிரித்துப் பார்த்தார்கள். ஒட்டுமுத்திரை முதற்கொண்டு அசல் போலவே இருந்த அந்தக் கருவி, புதிதாகச் சொற்களை உருவாக்குவது போலக் காட்டிவிட்டு, முன்கூட்டியே தயாரித்த 20 வரிசைகளில் ஒன்றைத்தான் கொடுத்தது. கருவி வாங்கியவரின் பெட்டகத்தில் இருக்கும்போதே பணம் போனது. ஆகவே பெட்டியின் ஒட்டைப் பார்த்துத் திருப்தி அடைய வேண்டாம். தயாரிப்பாளரின் செயலியை அவர்களுடைய தளத்திலிருந்து இறக்கி, அது செய்யும் அசல் சோதனையில் தேறுகிறதா என்று பாருங்கள். தள முகவரியை நீங்களே தட்டச்சு செய்யுங்கள், தேடலில் முதலில் வரும் விளம்பரத்தைத் தொடாதீர்கள்.

காகிதத்தை எங்கே வைப்பது என்பதில் பலரும் அளவுக்கு மீறி யோசித்து மாட்டிக்கொள்கிறார்கள். ஒரு சொல்லை மட்டும் எழுதாமல் மனதில் வைத்துக்கொள்கிறேன் என்று ஒரு தோழி சொன்னாள். விடுபட்ட ஒரு சொல்லுக்கு 2048 வாய்ப்புகள்தான், கணினிக்கு அது ஒரு நொடி வேலை. அவள் மறந்தால் அவளுக்குக் கஷ்டம், திருடனுக்கு ஒரு கஷ்டமும் இல்லை. பாதி இங்கே பாதி அங்கே என்று பிரித்து வைப்பதும் எனக்குச் சம்மதமில்லை. எந்தப் பாதி தொலைந்தாலும் முழுவதும் தொலைந்தது. 12 சொற்களில் 6 ஒருவன் கையில் கிடைத்தால், மீதியைத் தேடும் வேலை கோடி கோடி மடங்குக்கும் மேல் சுலபமாகிவிடுகிறது. பிரித்துத்தான் வைக்க வேண்டுமென்றால், மூன்று பங்கில் ஏதேனும் இரண்டு இருந்தால் போதும் என்ற வகையில், அதற்கென்றே வடிவமைத்த முறைகள் இருக்கின்றன. கையால் வெட்டிப் பிரிக்காதீர்கள். இரண்டு முழுப் பிரதிகள், இரண்டு வெவ்வேறு கட்டடங்களில், அதில் ஒன்றாவது எஃகுத் தகட்டில் பொறித்தது. சாதாரண மனிதர்களுக்கு இதுவே போதும். காகிதம் தீக்கும் ஈரத்துக்கும் தாங்காது.

பாஸ்ஃப்ரேஸ் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். 24 சொற்களோடு நீங்களே சேர்க்கும் கூடுதல் ரகசியம் அது. காகிதம் யார் கையிலாவது கிடைத்தாலும் பாஸ்ஃப்ரேஸ் இல்லாமல் பணம் கிடைக்காது. 2020-இல் கிராக்கன் எக்ஸ்சேஞ்சின் பாதுகாப்பு ஆய்வகம், ட்ரெசர் கருவி கையில் கிடைத்தால் கால் மணி நேரத்தில் உள்ளே இருக்கும் ரகசியத்தை எடுத்துக் காட்டியபோதும், நல்ல பாஸ்ஃப்ரேஸ் வைத்திருந்தவர்களுக்குப் பாதிப்பில்லை. அதே நேரம், தவறான பாஸ்ஃப்ரேஸ் என்று ஒன்று கிடையாது. ஒரு இடைவெளி, ஒரு பெரிய எழுத்து மாறினாலும் வேறொரு காலி வாலட் திறக்கும், எச்சரிக்கை வராது. சொற்களை அழித்து மீட்கும் ஒத்திகையில் இரண்டு மூன்று முறை தேறாதவர்கள் அதன் பக்கம் போக வேண்டாம் என்பது என் கருத்து.

பின் எண், ஃபர்ம்வேர் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பின் எண் பிறந்த தேதியாக இருக்க வேண்டாம். கருவிக்குள் ஓடும் மென்பொருளான ஃபர்ம்வேரைப் புதுப்பிக்கும் முன் காகிதம் கையெட்டும் தூரத்தில் இருக்கட்டும்.

அடுத்தது சின்னத் திரை. சாவி பத்திரமாக இருந்தும் பணம் போவது எப்படி என்று கேட்டால், பெரும்பாலும் பதில் இங்கேதான் இருக்கிறது. கணினித் திரையில் தெரியும் எதையும் நம்பாமல் இருக்கத்தான் கருவி வாங்கினோம். நீங்கள் நகலெடுத்த முகவரியை ஒட்டும்போது வேறாக மாற்றிவிடும் வைரஸ்கள் உண்டு. அதனால் கருவியின் திரையில் தெரியும் முகவரியை, பெற வேண்டிய இடத்தில் இருக்கும் முகவரியோடு ஒப்பிட வேண்டும். முதல் நான்கும் கடைசி நான்கும் மட்டும் பார்ப்பது பலருக்கும் பழக்கம். அதைத் தெரிந்துகொண்டே, ஆரம்பமும் முடிவும் ஒத்துப்போகும் முகவரிகளை உருவாக்கி, அதிலிருந்து உங்களுக்குத் துளிப் பணம் அனுப்பி, உங்கள் பரிவர்த்தனைப் பட்டியலில் உட்கார்ந்துகொள்கிறார்கள். அடுத்த முறை பழைய பட்டியலிலிருந்து முகவரியை நகலெடுப்பீர்கள் என்று காத்திருப்பார்கள். 2024 மே மாதம் ஒருவர் இப்படி ஒரே பரிவர்த்தனையில் சுமார் 6.8 கோடி டாலர் மதிப்பை அனுப்பிவிட்டார். திருடனோடு பேச்சுவார்த்தை நடந்து பெரும்பகுதி திரும்பி வந்தது அபூர்வம். நான் நடுவில் இருக்கும் எழுத்துகளையும் சேர்த்து, முழுவதையும் வாய்விட்டுப் படித்துத்தான் அனுப்புகிறேன். ஒரு நிமிடம்கூட ஆகாது.

சின்னத் திரை எதைக் காட்டுகிறது என்றே புரியாத நேரங்களும் உண்டு. 2025 பிப்ரவரியில் பைபிட் எக்ஸ்சேஞ்சிலிருந்து சுமார் 150 கோடி டாலர் மதிப்புள்ள ஈதர் போனது இப்படித்தான். கையெழுத்திட்டவர்கள் பலர், கைகளில் ஹார்டுவேர் வாலட்டும் இருந்தது. அவர்கள் பயன்படுத்திய இணையப் பக்கத்தை ஊடுருவி, திரையில் வழக்கமான பரிமாற்றம் போலக் காட்டி, கருவிக்கு வேறொன்றை அனுப்பியிருந்தார்கள். இதைப் படித்த பிறகு நான் எனக்கு ஒரு விதி வைத்துக்கொண்டேன். கருவியின் திரையில் படித்துப் புரியாத எதற்கும் கையெழுத்து இல்லை. புரியாத எண்கோவை வந்தால், எவ்வளவு நல்ல வாய்ப்பாக இருந்தாலும் ரத்து செய்துவிடுவேன். இலவச டோக்கன், அதாவது ஒரு வகைக் கிரிப்டோ நாணயம் தருகிறோம், வாலட்டை இணைத்து ஒப்புதல் கொடுங்கள் என்று வரும் பக்கங்கள் கேட்பது பெரும்பாலும் உங்கள் டோக்கன்களை வரம்பில்லாமல் எடுத்துக்கொள்ளும் அனுமதியை. நீங்களே கொடுத்த அனுமதியைக் கருவி தடுக்காது. சேமிப்புக்கு ஒரு வாலட், இப்படிப்பட்ட தளங்களில் புழங்கச் சிறு தொகையோடு வேறொன்று என்று பிரித்து வைத்தால் மனம் லேசாக இருக்கும்.

தம்பி கிளம்பும்போது ஒன்று கேட்டான்: "உனக்கு ஏதாவது ஆனா மாமாவுக்கு இதெல்லாம் தெரியுமாக்கா?"

தெரியும் என்றுதான் சொன்னேன். உறைக்குள் ஒரு கடிதம் எழுதி வைத்திருக்கிறேன், எது எங்கே இருக்கிறது, யாரிடமும் சொற்களைச் சொல்லக் கூடாது, எந்தச் செயலியை எங்கிருந்து இறக்குவது என்றெல்லாம். ஆனால் அந்தக் கடிதத்தை யாரும் ஒத்திகை பார்த்ததில்லை என்பது அவன் போன பிறகு உறைத்தது. மறுவாரம் பழைய கருவியில் பயிற்சிக்கென்று வேறு சொற்களோடு, பாஸ்ஃப்ரேஸும் சேர்த்து ஒரு வாலட் செய்து, சிறு தொகை போட்டு, கருவியை அழித்து, என் கடிதத்தின் அதே வாசகங்களோடு என் கணவரிடம் கொடுத்துவிட்டு நான் அடுத்த அறைக்குப் போய்விட்டேன்.

முக்கால் மணி நேரம் கழித்து வந்தார். "சொல்லெல்லாம் சரியாத்தான் போட்டேன். ஆனா சைபர்னு காட்டுதே?"

கடிதத்தை வாங்கிப் படித்தேன். பாஸ்ஃப்ரேஸ் எங்கே இருக்கிறது என்று எழுதியிருந்தேன். அதை எந்த இடத்தில், எந்தப் பட்டியலைத் திறந்து உள்ளிட வேண்டும் என்று எழுதவே இல்லை. எனக்குக் கை பழகிப்போனதால் அது எழுத வேண்டிய விஷயமாகவே தோன்றவில்லை. அன்றிரவே கடிதத்தை முதலிலிருந்து எழுதினேன், அழுத்த வேண்டிய பொத்தான் வரைக்கும். கருவியை மறுபடி அழித்து, அடுத்த ஞாயிறு அவரிடம் கொடுத்தேன். இந்த முறை அவர் என்னை எதுவும் கேட்கவில்லை. அரை மணி நேரத்தில் திரையைக் கொண்டுவந்து காட்டினார், நான் போட்ட தொகை அதில் இருந்தது.